எதையும் நம்பாத கவுன்சிலர் மேடம்

அவர் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக வந்த அன்று, எதிர்வீட்டு அக்கா அவரை வழிமறித்துச் சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றிப் புகார் சொன்னார். எல்லாம் என் வாயால் வந்தது. "கவுன்சிலர் மேடம் வர்றாங்களாம்" என்று காலையில் குழாயடியில் உளறிவிட்டிருந்தேன். எங்கள் திண்டிவனத்தில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். வீடு தேடி வந்து பிள்ளைகளிடம் பேசிப் பார்க்கிற கவுன்சிலரும் உண்டு என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

"மழ வந்தா தண்ணி ஊட்டுக்குள்ள வந்துடுது மேடம். ஓட்டு கேக்கறப்போ மட்டும் ஜல்தியா வர்றீங்க" என்று அக்கா பொரிந்து தள்ளினார். வந்தவர் குனிந்து சாக்கடையைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இந்தம்மா சொல்றது நெஜமாங்க?" என்று விசாரித்தார். அவரும் தலையாட்டிய பிறகுதான், "நான் அந்தக் கவுன்சிலர் இல்லீங்க" என்றார். கண்ணெதிரே நாறுகிற சாக்கடைக்கே சாட்சி கேட்ட மனுஷி அவர்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், ஆனால் அது எப்போது பார்த்தாலும் முதுகைத்தான் காட்டும். ஆபீசுக்குப் போன் செய்தாலும் "கவுன்சிலர் மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்டோம். ஐம்பது வயதைத் தொட்டிருக்கும். ஒல்லி உடம்பு, காட்டன் புடவை, தோளில் ஒரு கறுப்புப் பை. பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையும் இருக்கும். வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அதுதான் மதியச் சாப்பாடு. அந்த மல்லாட்டையைக்கூட அப்படியே வாயில் போட மாட்டார். தோலை ஊதிவிட்டு, பருப்பை இரண்டாகப் பிளந்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்பார். "சொத்த இருந்தா கசக்குமில்ல" என்பார். நாங்களும்தான் மல்லாட்டை தின்கிறோம். கசந்தால் துப்பிவிட்டுப் போகிறோம்.

அவர் வந்தது எங்கள் ஜெனிக்காக. ஜெனி என் நாத்தனாரின் மகள். விழுப்புரத்தில் அப்பா, அம்மா, அண்ணன் அருளோடு இருந்தவள். அப்பா லாரி டிரைவர், பாதி நாள் வெளியூர். அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை, கடை மூடித்தான் வீட்டுக்கு வருவார். பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான். "தங்கச்சியப் பாத்துக்கோடா" என்று அருளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவனும் பார்த்துக்கொண்டான். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் கல்லுப்பின் மேல் முட்டி போட வைத்தான். எதிர்த்துப் பேசினால் குளியலறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டான். கடைசியில் ஒருநாள் தோசைத்திருப்பியைச் சூடேற்றி அவள் முழங்கைக்கு மேலே வைத்துவிட்டான். காயத்தில் சட்டை ஒட்டிக்கொண்டதை வகுப்பு டீச்சர் கவனித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அவனுக்கு அப்போது பதினாறு வயது. இவள் ஐந்தாம் வகுப்பு.

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இப்போதைக்கு இருக்கக் கூடாது என்று குழந்தைகள் நலக் குழுவில் சொல்லி, ஜெனியை எங்களிடம் விட்டார்கள். என் வீட்டுக்காரர் தாய்மாமன் அல்லவா, அந்த உரிமையில். அருளிடம் பேச வேறொரு கவுன்சிலர் சார் இருந்தார். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்து வைக்கலாமா, வைத்தால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து இல்லையா என்று பார்த்துச் சொல்வது இந்த மேடத்தின் பொறுப்பு. அவர் சரி என்றால் ஜெனி வீட்டுக்குப் போகலாம். அவரோ எதற்கும் சுலபத்தில் சரி என்று சொல்கிற ஆள் இல்லை.

முதல் நாள் மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எப்போது வருவார் என்று அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். நான் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். கையெல்லாம் மாவாக நிற்கும்போது வாசலில் நிழல் தட்டும், பார்த்தால் மேடம். உள்ளே வரும் முன் வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பார். "இந்த ஆம்பள செருப்பு யாருது?" என்பார். என் வீட்டுக்காரருடைய பழைய செருப்பு என்றால், "பழசுன்னா ஏன் வாசல்ல கெடக்குது?" என்பார். டீ கொடுத்தால் குடிக்க மாட்டார். பாத்ரூம் போகணும் என்று எழுந்து போவார். தண்ணீர் ஊற்றுகிற சத்தமே கேட்காது, தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்க்கிற சத்தம்தான் கேட்கும். உள்ளே இருந்து பூட்ட முடிகிறதா, வெளியே இருந்தும் பூட்ட முடிகிறதா என்று வீட்டின் ஒவ்வொரு கதவையும் பார்த்துவிட்டார். பீரோ கதவை விட்டுவைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஜெனியிடம் அவர் நடந்ததைப் பற்றிக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்பதெல்லாம் வேறு கேள்விகள்.

"உங்க வீட்ல தோச சுட்டா மொத தோச யாருக்கு?"

"அண்ணனுக்கு."

"ரெண்டாவது?"

"அண்ணனுக்கு."

"நீ எப்ப சாப்டுவ?"

"அண்ணன் போதும்னு சொன்னப்புறம்."

எனக்குக் கோபம் வந்தது. எந்த வீட்டில் ஆம்பளைப் பிள்ளைக்கு முதல் தோசை போகவில்லை? இதை எல்லாம் ஒரு குற்றம் என்று எடுத்துக்கொண்டால் ஊரில் பாதிப் பேரை உள்ளே தள்ள வேண்டியதுதான். வாய்விட்டே சொன்னேன். "தள்ளணும்னு நான் சொல்லலியே" என்றார். "அவ எதுக்கெல்லாம் காத்துக்கினு நிக்கறான்னு பாக்கறேன்."

அவருடைய சந்தேகத்துக்கு நானும் தப்பவில்லை. ஒருநாள் அவர் வந்தபோது ஜெனி மாவுப் பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். மேடம் நின்று பார்த்தார்.

"இத தெனமும் செய்வாளா?"

"எனக்கு ஒத்தாசையா செய்றா மேடம். நான் செய்யச் சொல்றதில்ல."

"மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அவ எதுக்கும் மாட்டேன்னு சொன்னதே இல்ல மேடம். தங்கமான பொண்ணு."

"அதான் எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை. பெற்ற பிள்ளையைப் போல வைத்திருக்கிற என்னையே சந்தேகப்படுகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று கிரைண்டரோடு பேசித் தீர்த்தேன். ஆனால் மறுநாள் வேண்டுமென்றே, "ஜெனி, ரப்பர் பேண்ட் போட புடிக்கலன்னா வுட்டுடும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "இல்ல அத்த, போடறேன்" என்று இன்னும் வேகமாகப் போட்டாள். என் முகத்தை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே போட்டாள். நான் பாக்கெட்டுகளை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். மேடத்தின் மேல் இருந்த கோபம் மட்டும் குறையவில்லை.

நாத்தனாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "புருஷன வுட்டுட்டு வந்தவளாம். அவ குடும்பம் ஒடஞ்சிப் போச்சின்னு ஊரான் குடும்பத்தையும் ஒடைக்கப் பாக்கறா" என்பார். அதில் எவ்வளவு நிஜமோ தெரியாது. மேடம் தன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஒரே ஒருமுறை பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டை பிளந்துகொண்டிருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா மேடம்?"

"இருக்காரு. அண்ணன். திருவெண்ணெய்நல்லூர்ல."

"போக்குவரத்து உண்டா?"

ஒரு பருப்பைப் பிளந்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாதவர்கள் இருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க வீட்டில் பேஜார் கூடியது. நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அழுதார். "பண்டிக அதுவுமா எம்புள்ள எங்கூட இல்லியே" என்று அவர் ஆரம்பித்தால் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். அக்காவும் தம்பியும் அழுது முடித்த பிறகு பழி என் மேல் விழும். "நீதான் அந்தம்மாகிட்ட ஏதோ சொல்லி வெச்சிருக்க. ஜெனி போயிட்டா உனுக்கு வேலைக்கு ஆள் இல்லாமப் பூடும்" என்று ஒருநாள் என் வீட்டுக்காரரே சொன்னார். மேடம் விதைத்த சந்தேகம் எப்படிச் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்தது பாருங்கள்.

அருளும் ஒருமுறை வந்து தெருமுனையிலேயே நின்றான். இளைத்துப் போயிருந்தான். "உள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்த" என்று தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு மனசு இளகிவிட்டது. சின்னப் பையன்தானே, புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். மேடத்திடம் சொன்னேன். "எளச்சா புத்தி வந்துடுமா?" என்றார்.

எப்படியோ, பண்டிகைக்கு முந்தின வாரம் விழுப்புரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேச மேடம் ஒத்துக்கொண்டார். நானும் என் வீட்டுக்காரரும் ஜெனியைக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. குடில் வைத்திருந்தார்கள். வீடு முழுக்கக் கேக் வாசனை. மேடம் வழக்கம்போல முதலில் பாத்ரூம் போனார். நாங்கள் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளித் தாழ்ப்பாள் கழற்றப்பட்டிருந்தது. ஆணி இருந்த ஓட்டைகளை அடைத்துப் பெயிண்ட்கூட அடித்திருந்தார்கள். நாத்தனார் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"தாழ்ப்பாளைக் கழட்டுனது யாருங்க?" என்று மேடம் கேட்டார்.

"நான்தான் மேடம்" என்றார் ஜெனியின் அப்பா.

"எப்போ?"

"நேத்து."

"நேத்து வரைக்கும் இருந்துதா?"

பெயிண்ட் இன்னும் காயவில்லை என்பதை மேடத்தின் விரல் நுனியில் பார்த்தோம்.

பிறகு அருள் எழுந்து வந்தான். யாரும் சொல்லாமலே தங்கையின் முன்னால் முட்டி போட்டான். அவள் கண்ணை நேராகப் பார்த்து, "நான் பண்ணது பெரிய பாவம் ஜெனி. இனிமே சத்தியமா கை வெக்க மாட்டேன். என்ன மன்னிச்சிடு" என்றான். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிற பையன், குரல் கணீரென்று இருக்கும். என் வீட்டுக்காரர் விம்மினார். நானும் அழுதேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா" என்றார் நாத்தனார்.

ஜெனி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "பொறுத்துக்கினேன்" என்றாள்.

"ஏசுவே!" என்று நாத்தனார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். எங்கள் செபத்தில் மன்னிப்பதைப் பொறுப்பது என்றுதான் சொல்வோம். பிள்ளை எவ்வளவு பக்தியாகச் சொல்லிவிட்டது என்று எனக்கும் பூரிப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் கேக் வெட்டவே எழுந்துவிட்டார். மேடம் மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருந்தார்.

"பொறுத்துக்கினேன்னா?"

"எங்க கோயில்ல அப்டித்தான் மேடம் சொல்லுவோம். மன்னிச்சிட்டேன்னு அர்த்தம்" என்று நாத்தனார் விளக்கினார்.

"நான் பாப்பாவக் கேட்டேங்க." மேடம் ஜெனியின் பக்கம் திரும்பினார். "நீ இங்கயே வந்துட்ட, மறுபடி ஒருநாள் அண்ணனுக்குக் கோவம் வருது. அப்போ?"

ஜெனிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பொறுத்துக்குவேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் கையில் கத்தியோடு அப்படியே நின்றார். நாங்கள் மன்னிப்பு என்று கேட்டது, பத்து வயதுப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதை. இனியும் தாங்குகிறேன் என்று அவள் எங்களுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாகச் செபம் சொல்கிற எங்கள் யார் காதிலும் விழாதது, எங்கள் கோயில் பக்கமே வராத இந்த அம்மாள் காதில் எப்படி விழுந்தது?

"இப்போதைக்கு வேணாங்க" என்று மேடம் எழுந்துகொண்டார். கேக் வெட்டாமலே கிடந்தது. நாத்தனார் மண்ணை வாரித் தூற்றாத குறையாக அவரைச் சபித்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெனி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, தன்னால்தான் எல்லாம் என்பதுபோலச் சுருங்கிக்கொண்டு வந்தாள்.

தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்காவது பிள்ளையை அனுப்புங்கள் என்று நாத்தனார் மறுபடி கேட்டார். இந்தமுறை குறை சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது என்று பாடுபட்டிருந்தார். ஜவுளிக்கடை வேலையை மாற்றி, பள்ளிவிடும் நேரத்துக்கு வீட்டில் இருக்கிற மாதிரி செய்துகொண்டார். ஜெனிக்குத் தனி அறை, உள்ளே பூட்டிக்கொள்ளப் புதுத் தாழ்ப்பாள். அருளிடம் பேசுகிற சாரும் பையன் ஒழுங்காக வந்துபோகிறான் என்று சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை மேடத்தோடு நானும் ஜெனியும் போனோம். என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேடமும் கதவுகளை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். இன்றைக்கு ஜெனியை விட்டுவிட்டுத்தான் போகப் போகிறோம் என்றே நினைத்தேன். அவள் துணிப்பையை நாத்தனார் ஏற்கெனவே அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"அருள், நீ ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று மேடம் கேட்டார்.

அவன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு கால் கட்டைவிரலால் எதையோ நோண்டினான். நிமிராமலே, "அவள இங்க வுடாதீங்க மேடம்" என்றான்.

"இன்னாடா சொல்ற?" என்று நாத்தனார் பதறினார்.

"எனக்கு இன்னும் அந்தக் கோவம் வருது மேடம். சார்கிட்ட வரலன்னு சொல்லிக்கினு இருக்கேன். வருது. முந்தாநேத்து அம்மா கையப் புடிச்சி முறுக்கிட்டேன்." அவன் குரல் உடைந்து தேய்ந்தது. "அவ வந்தா அவளத்தான் அடிப்பேன். பயமாக்கீது மேடம்."

மேடம் நாத்தனாரின் கையைப் பார்த்தார். நாத்தனார் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார். "அவன் சும்மா சொல்றான் மேடம். கதவுல இடிச்சிக்கினேன்" என்றார். சொல்லும்போதே அழுகை வந்து, "பாவி, உன் வாயாலயே கெடுத்துக்கினியேடா" என்று மகனின் முதுகில் அடித்தார். அவன் அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றான்.

மேடம் எழுந்து போய் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "நம்புறேன்பா" என்று அவனிடம் சொன்னார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "திங்கக்கெழம நானே உன்னக் கூட்டிக்கினு போய் சார்கிட்ட பேசறேன். இதையேதான் அவருகிட்டயும் சொல்லணும்" என்றார். அவன் அப்போதுதான் உட்கார்ந்து அழுதான். நான் போய் ஜெனியின் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்காக நின்றோம். மேடமும் எங்களை ஏற்றிவிட வந்திருந்தார். ஜெனி திடீரென்று, "அண்ணன் நெஜமாத்தான் சொன்னான் மேடம்" என்றாள்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"பொய் சொல்றப்போ என் கண்ண நேராப் பாத்துதான் சொல்லுவான். அம்மாகிட்டயும் அப்டிதான். அன்னிக்கி முட்டி போட்டப்பகூட பாத்தான். இன்னிக்கிப் பாக்கவே இல்ல."

"ஏன்டி, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்று நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"மன்னிச்சிட்டியான்னுதான் அத்த எல்லாரும் கேட்டீங்க. அவன் சொன்னது நெஜமானு யாரும் எங்கிட்ட கேக்கல." பிறகு மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்ககூட கேக்கல மேடம்."

மேடம் பையின் வாரைச் சரி பண்ணினார், மறுபடியும் சரி பண்ணினார்.

"ஆமா கண்ணு, கேக்கல" என்றார்.